உங்கள் வீட்டில் என்ன எரிகிறது?

டண்டினொங், மெல்பேர்ண்
06.05.1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். வாசுகிக்குச் சளி மட்டும் விடுவதாக இல்லை. நாலு வயதுப் பிள்ளை பெரிய ஆள் மாதிரி இருமுகிறாள்.

புது வீட்டுக்கு வந்து ஐந்து கிழமை. வீடு நல்லது, அயலும் நல்லது. பக்கத்து வீட்டில் கொன்செற்றா என்று ஓர் இத்தாலிக்காரி. வந்த அன்றே ஒரு கூடை தக்காளியோடு வேலியால் எட்டிப் பார்த்தா. எங்களுக்கு இன்னும் தொலைபேசி இணைப்பு வரவில்லை. உயிர் போகிற அவசரம் என்றால் எடுக்கச் சொல்லி அவவின் இலக்கம் தந்திருக்கிறா. இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் முன்பு இருந்த அமெரிக்கர் ஹீற் பம்ப் என்று ஓர் இயந்திரம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெளியே குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, காற்றாடியோடு. கூரைக்குள்ளால் குழாய்கள் வந்து அறைக்கு அறை சூடான காற்று விடுகின்றன. நடையில் சுவரில் தெர்மோஸ்டாற். அது செல்சியஸ் இல்லை, பழைய பரனைற் பாகையில் இருக்கிறது. எழுபதில் வைத்தால் வீடு எழுபதில் நிற்க வேண்டுமாம். ஆனால் போன கிழமை முழுக்கக் காலையில் முள் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாற்றின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. சூடு மட்டும் இல்லை. வாசுகியைக் கம்பளியோடு மடியில் வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன்.

இவருக்கு நான் உங்களிடம் கேட்பது பிடிக்காது. "நான் கணக்குப் படிப்பிச்ச மனுசன், எனக்கு உது விளங்காதோ? கொண்ணையை ஏன் கரைச்சல்படுத்துறாய்?" என்கிறார். அதனால் பதிலை எனக்கென்று எழுதாமல் பொதுவாக எழுதுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் இடுப்பு நோவு இப்போது எப்படி?

அன்புத் தங்கை
வைதேகி

வெஸ்ட்மீட், சிட்னி
14.05.1979

அன்புத் தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம், என் இடுப்பும் என்னோடு சமாதானமாக இருக்கிறது. பிள்ளையின் இருமலுக்குத் தேனும் இஞ்சியும் கொடுக்கச் சொல்கிறா உன் மச்சாள்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் கை வைத்துப் பார், சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை இழுத்துப் பின்னால் விடுகிறது. ஹீற் பம்ப் அதையே மறுபக்கம் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சச் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் விடும். வெளியே உறைபனி என்றால் உறிஞ்ச ஒன்றும் மிஞ்சாது. பெட்டியிலும் பனிக்கட்டி படியும். அந்த நேரம் கைகொடுக்கத்தான் துணைச் சூடு என்று குழாய்க்குள் மின்கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாற் அதைக் கூப்பிடுகிறது என்பதற்கு அடையாளம் அந்தச் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தும் சூடு இல்லையென்றால் கூப்பிட்டும் வருகிறதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். சுருள் எரிந்துபோயிருக்கும்.

அனுமதிப் பத்திரம் உள்ள மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். ஜெயத்தைத் திறக்க விடாதே. அவனுடைய மூளையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் இது கரும்பலகை இல்லை. இதை அப்படியே அவனிடம் வாசித்துக் காட்டாதே. இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிப் பொயிலர் அறையில் எனக்கு உதவியாளர் வேலை இருக்கிறது, வாரும் என்று கேட்டதையே அவன் இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். வாசுகிக்கு மாமாவின் முத்தம்.

அண்ணா
மகாதேவன்

டண்டினொங்
27.05.1979

அன்புள்ள அண்ணா,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பிள்ளையாரை வேண்டுகிறேன். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம்.

இயந்திரப் பிரச்சினை முடிந்துவிட்டது. இவரே ஒரு வழி செய்துவிட்டார். இரண்டு சனிக்கிழமை பாடுபட்டார். இப்போது தெர்மோஸ்டாற்றை எழுபத்தைந்தில் வைத்திருக்கிறோம், வீடு சித்திரை மாதத்து யாழ்ப்பாணம் மாதிரி. குளிர்காற்று வராமல் யன்னல் ஓரமெல்லாம் நாடா ஒட்டிவிட்டார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு இவர் சிரித்ததைப் பார்த்தேன். அதனால் இனி நீங்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எனக்குத்தான் கொஞ்சநாளாகத் தலையிடி. காலையில் ஓங்காளம் வேறு. மச்சாள் நினைக்கிற மாதிரி வயிற்றில் ஒன்றும் இல்லை, அதைப் பார்த்துவிட்டேன். காலநிலை மாறியதால் இருக்கும்.

பனடோல் குளிசையை நம்பியிருக்கும் உங்கள்
வைதேகி

வெஸ்ட்மீட்
04.06.1979

அன்புத் தங்கச்சி,

நாங்கள் சுகம். உனக்குத் தலையிடி என்றது மனதை உறுத்துகிறது. கண்ணைச் சோதி, இரத்தத்தையும் சோதி என்கிறா மச்சாள்.

ஜெயம் சரிசெய்தது சந்தோஷம். ஆனால் எப்படிச் செய்தான்? புதுச் சுருள் போட்டானா? அந்த அமெரிக்கச் சாமானுக்கு இங்கே உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அறிய ஆசையில் கேட்கிறேன், குறை பிடிக்க இல்லை. ஒரு வரி எழுது.

அண்ணா
மகாதேவன்

டண்டினொங்
21.06.1979

அன்புள்ள அண்ணா,

நீங்களும் மச்சாளும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதிவிட்டு அழித்திருக்கிறேன் பாருங்கள்.

இதை இவர் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குசினியில் நிற்கும்போது நடையில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. சுவருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம். பட்டப்பகல் பதினொரு மணிக்கு அண்ணா, வெயில் எறிக்கும்போது.

முந்தாநாள் தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டேன். அரிசியை அடுப்பில் வைத்ததே மறந்துபோய்ப் பானை கருகிவிட்டது. வாசுகியும் முன்போல இல்லை. விளையாடிக்கொண்டிருந்த இடத்திலேயே நித்திரையாகிவிடுகிறாள். எழுப்பினாலும் என்னை யாரென்று தெரியாத மாதிரிப் பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அவள் ஓடுகிறாள், நான் பசியோடு சாப்பிடுகிறேன். வீட்டுக்குள் வந்து ஒரு மணித்தியாலம் ஆனால் திரும்ப அதுதான். இந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்று குளிசை தந்தார். இவர் எங்கள் பெரியத்தையின் கதையை எடுக்கிறார். கடைசிக் காலத்தில் அவ சுவரோடு கதைத்துக்கொண்டிருந்ததை யார் இவருக்குச் சொன்னதோ. போன ஞாயிறு மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. அப்பாவுக்கு எழுதியிருக்கிறார், எங்கள் குடும்பத்தில் இந்த வருத்தம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டு. நான் வாசித்ததைக் கண்டும் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்:

"கொஞ்ச நாள் ஊரிலை போய் இரு வைதேகி. மனம் ஆறும். பிள்ளையை நான் பாப்பன்."

பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் அண்ணா.

இவர் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் ஏதோ ஆகிறது. எனக்கு விசர் பிடிக்கிறதா? மச்சாள் தாதியாக ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருப்பா. கேட்டு எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
வைதேகி

வெஸ்ட்மீட்
28.06.1979

அன்புத் தங்கச்சி,

உன் சுகத்தைத் தவிர வேறு யோசனை இல்லாமல் எழுதுகிறேன். நாங்கள் நலம்.

உன் கடிதத்தை மச்சாளிடம் காட்டினேன். புது நாட்டுக்கு வந்து வீட்டில் தனியே இருக்கிற பெண்களுக்கு இப்படி வருகிறதுதானாம். மருந்து கேட்குமாம். குளிசையை ஒழுங்காக எடு. ஜெயம் பயந்துபோய்த்தான் அப்படிக் கதைத்திருப்பான். ஊருக்குப் போகிறதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

மனதுக்கு ஒரு வேலை கொடுத்தால் நல்லது என்கிறா மச்சாள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். உறைபனிக் காலையில் வெளியே போய் அந்தப் பெட்டியைப் பார். பனிக்கட்டி பிடித்திருக்கிறதா, எவ்வளவு தடிப்பு, காற்றாடி சுற்றுகிறதா? பிறகு உள்ளே வந்து கூரைக் குழாயின் வாய்க்கு நேரே கையைப் பிடி. வருகிற காற்று சூடா குளிரா? தெர்மோஸ்டாற் முள் எத்தனையில் நிற்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறதா? கண்டதைக் கண்டபடி எழுது. அண்ணனுக்கு வேலை செய்து கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொள்.

சாப்பிடு, நித்திரை கொள்.

அண்ணா
மகாதேவன்

டண்டினொங்
09.07.1979

அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே. எழுத்து சரிந்து போகிறது, கோபிக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி மூன்று நாள் பார்த்தேன். பெட்டி முழுக்கப் பனிக்கட்டி, இரண்டு விரல் தடிப்பு. காற்றாடி சுற்றவில்லை. அதன் இறக்கையில் ஒரு மேப்பிள் இலை பனியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மூன்று நாளும் அதே இலை அதே இடத்தில். குழாய் வாயில் கை வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மாதிரிக் குளிர்.

முள் எழுபத்துநாலில். சிவப்பு விளக்கு எரிகிறது. வீடு நல்ல சூடு. யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழிகிறது, துடைக்கத் துடைக்க வழிகிறது. சுவரும் வியர்க்கிறது. வீடு நல்ல சூடு.

வாசுகியின் கன்னம் அப்பிள்பழம் மாதிரிச் சிவந்திருக்கிறது. கொன்செற்றா பார்த்துவிட்டு எவ்வளவு வடிவு என்றா. இன்றைக்கு இன்னும் எழும்பவில்லை. மத்தியானமாகிவிட்டது. நானும் அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் படுக்கப் போகிறேன்.

நடையில் நிற்கிறவர் இப்போது இருமவும் தொடங்கிவிட்டார்.

மச்சாளை விசாரித்ததாகச்

வைதேகி

வெஸ்ட்மீட்
18.07.1979

ஜெயம்,

வைதேகியும் பிள்ளையும் இன்றைக்கு எப்படி? முதலில் அதை எழுதும்.

மெல்பேர்ண் ஆஸ்பத்திரி விறாந்தையில் இரண்டு நாள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். நீர் ஒருமுறையும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கேட்டிருந்தால் என் கை சும்மா இருந்திருக்காது. அதனால் இங்கே வந்து எழுதுகிறேன்.

வைதேகியின் கடிதம் பன்னிரண்டாம் திகதி காலை வந்தது. தேத்தண்ணி நேரம் பொயிலர் அறையில் நின்று வாசித்தேன். வெளியே காற்றாடி நின்று மூன்று நாள். குழாயில் வருவது குளிர்காற்று. அப்படியென்றால் அந்தப் பம்ப் செத்துவிட்டது, மின்கம்பிச் சுருளும் இல்லை. ஆனால் முள் எழுபத்துநாலில் நிற்கிறது, கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. எனக்கு முன்னால் பொயிலர் எரிந்துகொண்டிருந்தது. அதன் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போவதைப் பார்த்தேன். அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இவர்கள் வீட்டில் என்ன எரிகிறது? கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அதன் நச்சுப் புகை எங்கே போகிறது?

குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த இலக்கத்தில் கொன்செற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவவுக்கு என் ஆங்கிலம் விளங்கவில்லை, எனக்கு அவவின் ஆங்கிலம் விளங்கவில்லை. "காஸ்! காஸ்! பேபி! விண்டோ!" என்று கத்தினேன். அறையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ "மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டா. தொலைபேசியை வைக்காமலே ஓடியது கேட்டது. தூரத்தில் கதவில் தட்டுகிற சத்தம். நிறைய நேரம் தட்டினா. பெயர் சொல்லிக் கூப்பிட்டா. பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான் அந்த ஒன்றுமில்லாததைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தொலைபேசியில் மேற்பார்வையாளர் அம்புலன்சைக் கூப்பிட்டார். அம்புலன்ஸ் வந்து சேர எட்டு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த எட்டு நிமிடம் இப்போதும் முடியவில்லை.

நீர் என்ன பூட்டினீர்? எப்போது பூட்டினீர்? எழுதும்.

மகாதேவன்

டண்டினொங்
25.07.1979

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை என்றாலும் விசாரிக்கிறேன். வைதேகி வெள்ளிக்கிழமையிலிருந்து நடக்கிறா. வாசுகி சாப்பிடுகிறாள், கதைக்கிறாள். சில சொற்கள் வரச் சுணங்குகின்றன. பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இருவரும் கொன்செற்றா வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள்.

கேட்டதற்குப் பதில். மின்வேலைக்காரர் வந்து பார்த்தார். சுருள் எரிந்துவிட்டது, அமெரிக்காவிலிருந்து வர மூன்று மாதம் என்றார். அதற்குள் பிள்ளை இருமி இருமிச் செத்துவிடும் போல இருந்தது. பழைய சாமான் கடையில் ஒரு காஸ் சூடாக்கி வாங்கினேன். நடையில் உள்ள அலுமாரிக்குள் வைத்து, சிவப்பு விளக்குக்குப் போகிற கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து அதன் வால்வுக்குக் கொடுத்தேன். பம்ப் தோற்றால் தெர்மோஸ்டாற் இதைப் பற்றவைக்கும். வைதேகியிடம் உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். அனுமதி இல்லாமல் செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும்.

மச்சான், முதல்நாள் அது தானாகப் பற்றியபோது நான் நடையில் தனியே நின்று கை தட்டினேன். இரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் ஒரே ஆணியை ஒரே இடத்தில் முறுக்குகிறவன். அன்றைக்குத்தான் எனக்கும் ஏதோ தெரியும் என்று இந்த நாட்டில் முதன்முதலாக நினைத்தேன்.

புகைக்குழாயைக் கூரைக்கு உள்ளே வரைக்கும்தான் கொண்டுபோனேன். ஓட்டை வெட்டி வெளியே எடுக்க மழை இல்லாத ஒரு சனிக்கிழமை வேண்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு சனியும் மழை. பிறகு வீடு சூடாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை வைதேகிக்குச் சொல்லவேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் தலையிடித்தது. வெளியே வளவுக்குள் போய் நின்றால் விட்டுவிடும். உள்ளே வந்தால் திரும்ப வரும். மூன்று ஞாயிறு இப்படி. நான் கணக்குப் படிப்பித்தவன் மச்சான். விடை என் முன்னால் கிடந்தது. சூடாக்கியில் பிழை என்றால் நான் பிழை. அவளுடைய நரம்பில் பிழை என்றால் நான் சரி. அன்று பின்னேரம்தான் இருந்து மாமாவுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

உங்கள் வீட்டார் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும்.

ஜெயரட்ணம்

வெஸ்ட்மீட்
30.07.1979

அன்புத் தங்கச்சி வைதேகி,

உடம்பு தேறுகிறதா? பிள்ளை என்ன சாப்பிட்டாள், என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாக எழுது. மச்சாள் உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறா. பின்னும்போது அழுகிறா.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சந்தைக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் வருத்தம் என்று நீ ஆனி மாதமே எழுதிவிட்டாய். இருபது வருடம் நெருப்போடு வேலை செய்கிறவன் அதை வாசித்துவிட்டு நரம்பு என்று எழுதினேன். உனக்கு விசர் என்று நானும் பாதி நம்பினேன். சும்மா உன் மனதுக்கு வேலை கொடுக்கக் கேட்ட கேள்விகள்தான் உன்னைக் காப்பாற்றின. என் கெட்டித்தனம் இல்லை.

ஜெயம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். அதில் ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லவேண்டாம் என்கிறான். நான் சொல்லப் போவதில்லை. அது அவன் வாயால் வரவேண்டியது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவனிடம் கேள்.

எந்த நாளும் இங்கே வரலாம். அறை கூட்டித் துடைத்து இருக்கிறது.

அண்ணா
மகாதேவன்

டண்டினொங்
08.08.1979

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

எனக்கு இப்போது தலையிடி இல்லை. உங்கள் இருவரின் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன். இதைக் கொன்செற்றாவின் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது. எப்படிச் சரிசெய்தான் என்று நீங்கள் ஆனி மாதம் கேட்டபோது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சத்தியம் பண்ணினேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தப் பிழை என்னுடையது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இவர் போன பிறகு நான் வாசுகியோடு படுத்துவிட்டேன். கதவில் தட்டிய சத்தம் கேட்டது. கொன்செற்றா என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. ஆனால் எனக்கு அது நடையில் நின்றவருடைய குரலாகத்தான் பட்டது. கடைசியாக வந்துவிட்டான், பிள்ளையைக் கொண்டுபோக வந்துவிட்டான் என்று நினைத்தேன். எழும்ப முடியவில்லை. கட்டிலால் விழுந்து, வாசுகியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனேன். சத்தம் போடாமல் இருக்க அவள் வாயைக் கையால் பொத்தினேன். அண்ணா, அவள் சத்தமே போடவில்லை. அவள் கை கால் துணி மாதிரிக் கிடந்தது. நான் அப்படியும் பொத்திக்கொண்டு இருந்தேன். கொன்செற்றா கண்ணாடியை உடைத்து வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாவாம். அது எனக்கு ஞாபகம் இல்லை. அவ ஒருநாளும் அதைப் பற்றிக் கதைப்பதும் இல்லை.

காலையில் எழும்பியதும் வாசுகியிடம் நிறங்களைக் கேட்கிறேன். நேற்றுப் பச்சைக்குச் சொல் வரவில்லை. இன்றைக்கு வந்தது. நாளைக்கு எது வராதோ தெரியாது.

திங்கட்கிழமை காஸ் பரிசோதகர் வந்தார். நானும் போனேன். அலுமாரியைத் திறந்து பார்த்தார். கூரைக்குள் ஏறி இறங்கினார். அவர் முழங்கை வரை கரி. "இதை யார் பூட்டினது?" என்று கேட்டார். நான் முன்பு இருந்தவர்கள் என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அதற்குள் இவர் சொன்னார்: "நான்தான் பூட்டினேன்." அவர் பெயரை எழுதிக்கொண்டார். விசாரணை வரும் என்றார். இவர் தலையாட்டினார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை உங்களுக்குத் தலை இடிச்சதோ?"

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பவும் கேட்டேன்.

"ஓம்."

"எத்தினை ஞாயிறு?"

"மூண்டு."

"ஏன் சொல்லேல்லை?"

நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. விசர் பிடிக்கிறது என்று நான் தவித்த அந்த நேரமெல்லாம் இந்த மனுசனின் தலைக்குள்ளும் அதே இடி இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு எனக்குக் குளிசை எடுத்துத் தந்தார். அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது, நடையில் நின்றவரை விட.

சனிக்கிழமை பகல் ரயிலில் நானும் வாசுகியும் அங்கே வருகிறோம். இவரிடம் சொன்னேன்.

"திரும்பி வருவியோ?"

"தெரியாது" என்றேன். "தெரியாததைத் தெரியாதெண்டு சொல்ல இனி எல்லாரும் பழகுவம்."

பிறகு மேசையில் தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தேன். அப்பாவுக்கு எழுதுங்கோ என்றேன். என்ன எழுதுகிறது என்று அவர் கேட்கவில்லை. நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். வைதேகிக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் கைப்பிழையால் அவளும் பிள்ளையும் சாகப் பார்த்தார்கள், அதை மறைக்கத்தான் முன்பு அப்படி எழுதினேன் என்று எழுதினார். எழுதி முடிய அழுதார். நான் உறையை மூடி, முத்திரை ஒட்டி, சந்தி வரைக்கும் நடந்துபோய் நானே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மச்சாள், அந்தக் கம்பளிச் சட்டையைப் பெரிதாகப் பின்னுங்கோ. வாசுகியையும் அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள்
வைதேகி